வினைச்சொல்லைத் தனியாக அனுப்பாதவன்

அவனுடைய கல்யாணத்துக்கு எங்கள் தொழிற்சாலையிலிருந்து நான்கு பேர் போயிருந்தோம். ஸ்டோர் பொறுப்பாளர் ஷிண்டே, பேக்கிங்கில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், நான். தர மேலாளர் குல்கர்ணி சார் வரவில்லை. அவருக்கும் பத்திரிகை வந்திருந்தது. மகளுக்குப் பரீட்சை என்று சொல்லிவிட்டார். உண்மையில் போகாமல் இருந்திருக்க வேண்டியவன் நான்தான். ஆனால் அவன் மூன்று முறை போன் செய்தான். மூன்றாவது முறை அவன் அம்மாவும் பேசினார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தேஹு ரோட்டில் சர்ச்சை ஒட்டிய ஹால். காலையிலிருந்து மழை. கேக் வெட்டி முடித்ததும் அவன் மைக்கை வாங்கினான். "ஐ ரியலி வாண்ட் டு சின்சியர்லி தேங்க் எவ்ரிபடி ஹூ ஆக்சுவலி கேம்" என்றான். அந்த மழையில் மெய்யாகவே வந்து சேர்ந்தவர்களுக்கு நன்றி என்று அவன் பிரித்துச் சொன்னது கூட்டத்துக்குப் புரிந்து எல்லோரும் சிரித்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ரியலி, சின்சியர்லி, ஆக்சுவலி. ஒரே வாக்கியத்தில் மூன்று.

ஷிண்டேவுக்கு ஆங்கிலம் வராது. என் முழங்கையைத் தட்டி, என்ன சொல்கிறான் என்று மராத்தியில் கேட்டார்.

"நன்றி சொல்றான்."

"நன்றி சொல்ல இவ்வளவு நேரமா?"

நான்கு வருடம் எதிரும் புதிருமாக ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தவன் அவன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அவனுக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

அவனுடைய ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல்லும் தனியாக வெளியே போனதில்லை. 'அண்டர்ஸ்டாண்ட்' என்றால் அதற்கு முன்னால் 'ஃபுல்லி' இருக்கும். 'ரிக்ரெட்' என்றால் 'டீப்லி' இருக்கும். இரவில் வெளியே கிளம்பும் பெண்பிள்ளைக்குத் துணைக்கு ஆள் அனுப்புகிற மாதிரி ஒவ்வொரு வினைக்கும் அவன் ஒரு ஆளை அனுப்பினான். அதுவும் சரியான ஆளை.

ஆகுர்டியில் எங்கள் தொழிற்சாலை அலுமினியத்தில் பம்ப் உறைகள் செய்கிறது. வண்டி எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பின் வெளிக்கூடு அது. வார்ப்பில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கசியும். பாதிச் சரக்கு ஜெர்மனிக்குப் போகிறது. அங்கிருந்து குறை என்று ஒரு மெயில் வந்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பதில் எழுத வேண்டும். என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதைக் கடிதமாக்குவது அவன் வேலை. வேலையை யாரும் அப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை. தானாக அமைந்துவிட்டது. எப்படி அமைந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு புகாருக்கு நானே பதில் எழுதினேன். உங்கள் புகார் கிடைத்தது, சரிபார்த்தோம், காரணம் கண்டோம், அறிக்கை அனுப்புவோம். நான்கு வாக்கியம், நான்கு வினை, ஒரு பிழை கிடையாது. ஜெர்மனியிலிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது: எப்போது? குல்கர்ணி சார் அதை அவனிடம் தள்ளிவிட்டார். அவன் நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, சாய் குடித்துக்கொண்டே தட்டினான். உங்கள் கவலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம், ஏற்பட்ட சிரமத்துக்கு ஆழ்ந்து வருந்துகிறோம், காரணத்தை விரைந்து கண்டறியத் தற்போது முனைந்திருக்கிறோம் என்று போனது அவனுடைய மெயில். நான் சொன்னதைவிட ஒரு செய்திகூட அதில் அதிகமில்லை. நன்றி, நல்லது என்று பதில் வந்தது.

அன்றைக்குத் தொடங்கியது எனக்கு.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா செய்யாறு பக்கம் செங்கல் சூளையில் லாரிக்கு லோடு ஏற்றுகிறார். பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கியதற்கு ஒரு ஆங்கில அகராதி பரிசாகக் கொடுத்தார்கள். என்னுடைய ஆங்கிலம் முழுக்க அதிலிருந்து வந்தது. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, பொருளை மனப்பாடம் செய்து, செலவு செய்யலாமா என்று யோசித்துத்தான் எடுத்து வைப்பேன். அவன் பையில் கைவிட்டு அள்ளி இறைத்தான்.

அவன் இறைத்ததைப் பொறுக்க ஒரு நோட்டு வைத்திருந்தேன். அவன் மெயில்களில் எனக்கும் நகல் வரும். அதிலிருந்து ஜோடிகளைக் குறித்துக்கொள்வேன். ஸ்ட்ராங்லி ரெகமெண்ட். கைண்ட்லி கன்ஃபர்ம். கிளாட்லி அக்செப்ட். ஒரு பக்கத்தில் வினை, எதிர்ப்பக்கத்தில் அதற்குப் பொருந்தும் துணை. எண்பது ஜோடி சேர்ந்தபின் தைரியம் வந்து ஒரு அறிக்கையில் நானே ஒரு ஜோடியைச் சேர்த்தேன். அவன் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தான்.

"மச்சா, 'ஸ்ட்ராங்லி அண்டர்ஸ்டாண்ட்'னு போட்டிருக்கியே. அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க."

"ஸ்ட்ராங்லி ரெகமெண்ட் சொல்றோம் இல்ல?"

"அது சொல்வாங்க."

"ஸ்ட்ராங்லி டிஸக்ரீ?"

"ஏக்தம் சொல்வாங்க."

"அப்ப இது மட்டும் ஏன் கூடாது?"

அவன் உண்மையிலேயே யோசித்தான். கண்ணை மேலே உருட்டி, உதட்டை அசைத்து, மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். "கூடாதுன்னு இல்ல யார். சொல்ல மாட்டாங்க. அவ்ளோதான்." அவன் தமிழில் இந்தி கலந்துதான் வரும்: 'ஏக்தம்' என்றால் கட்டாயம், 'யார்' என்றால் நண்பா.

கேலி செய்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம். அவன் கேலி செய்யவில்லை. காரணம் தெரியாத ஒன்றைச் சரியாகச் செய்கிறவன்மேல் வருகிற வயிற்றெரிச்சல் தனி. காரணம் தெரிந்தால் அதை நானும் படித்துவிடலாமே.

இன்னொன்று உண்டு. 'டு' என்ற சொல்லுக்கும் அதன் பின்னால் வரும் வினைக்கும் நடுவே எதையும் நுழைக்கக்கூடாது என்று என் பாலிடெக்னிக்கில் இருந்த இலக்கணப் புத்தகம் சொன்னது. நான் அதை வேதமாக வைத்திருந்தேன். அவன் கூசாமல் நுழைப்பான். டு இம்மீடியட்லி ஸ்டாப். டு கம்ப்ளீட்லி அவாய்ட். லோனாவாலா லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் வந்து, சற்று நகருங்கள் என்று கையால் மட்டும் காட்டி உட்கார்ந்துவிடுவார் அல்லவா, அந்த மாதிரி. உட்கார்ந்தபின் பார்த்தால் நால்வருக்கும் இடம் போதும். நான் புத்தகத்தைக் காட்டினேன். அவன் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "அரே, இவ்ளோ ரூல் இருக்கா? பாவம் யார்" என்றான். யாரைப் பாவம் என்றான் என்று எனக்குத் தெரியவில்லை.

இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன். தேஹு ரோட்டில் அவன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவன் தாத்தா காலத்தில் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ஆயுதக் கிடங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"ப்ராப்பர்லி உக்காருப்பா, வெட்கப்படாத" என்றார்கள் அம்மா. "இந்த பாஜி எடுத்துக்கோ. ஸ்லோலி சாப்பிடு, டைம் இருக்கு." பிறகு மகனைப் பார்த்து, "டேய், ரைஸ ஜென்ட்லி எடு, உடையுது பார்" என்றார்கள். அப்பா வாசலில் யாருக்கோ, "கேர்ஃபுல்லி ரிவர்ஸ் எடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் தமிழ் வினைக்குக்கூட ஆங்கிலத் துணைதான் போனது. ப்ராப்பர்லி உட்காரு. ஜென்ட்லி எடு. அவன் இருபத்தாறு வருடம் இதைக் கேட்டபடி சோறு தின்றிருக்கிறான். நான் நோட்டில் எழுதிச் சேர்த்த எண்பதை அவன் ஒரு மதியச் சாப்பாட்டில் வாங்கியிருப்பான். அம்மா எனக்கு மூன்றாவது முறை குழம்பு ஊற்றினார்கள். நல்ல மனுஷி. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே ஜோடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று தெரியவந்தது ஆகுர்டி ஸ்டேஷனில். மாலை ஷிஃப்ட் விட்டு, அவன் லோக்கலுக்குக் காத்திருந்தான். நான் சும்மா துணைக்கு நின்றேன். என் அம்மா போன் செய்தார்கள். ரயில் இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மழை சோன்னு ஊத்துதுடா இங்க. கரண்டு பொசுக்குனு பூடுச்சி. உங்கப்பா தொப்பலா நனைஞ்சிகினு வந்து வெடவெடன்னு நடுங்குறாரு. நீ வேளாவேளைக்குத் துன்றியா?"

பேசி முடித்ததும் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சோன்னு. பொசுக்குனு. வெடவெட. மச்சா, இது எந்த லாங்குவேஜ்?"

"தமிழ்தான்."

"அப்ப நான் பேசுறது?"

"அதுவும் தமிழ்தான். கொஞ்சம் எலும்பு தெரியும்."

விழுந்து விழுந்து சிரித்தான். அப்போதுதான் எனக்கே உறைத்தது. தேம்பித் தேம்பி அழுவோம், தேம்பித் தேம்பிச் சிரிக்க மாட்டோம். ஏன் என்று கேட்டால் என்னாலும் சொல்ல முடியாது. சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். என் அம்மாவுக்கும் எந்த வினையையும் தனியாக அனுப்பிப் பழக்கமில்லை. என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அவன் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தான். வேலூரில் ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள், போனில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றான்.

"நான் எல்லாத்துக்கும் 'நல்லா'ன்னே சொல்றேனாம். நல்லா மழை, நல்லா தூங்கினேன், நல்லா கோவம் வந்துச்சு. அவ சிரிக்கிறா. அவ சிரிக்கிறத பத்தி நான் ஒண்ணு சொல்லணும் மச்சா. சும்மா 'சிரிக்கிற'ன்னு சொன்னா என்னமோ மாதிரி இருக்கு. எப்படிச் சொல்றது?"

எனக்கு நாக்கு நுனியில் நான்கு இருந்தன. களுக்கென்று. கலகலவென்று. குலுங்கிக் குலுங்கி. வாய்விட்டு. எதைக் கொடுத்திருந்தாலும் அந்தப் பெண் அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"'நல்லா சிரிக்கிற'ன்னு சொல்லு" என்றேன். "போதும்."

"அப்படியா? சரி. தேங்க்ஸ் மச்சா, ஜெனுயின்லி" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற வண்டியில் தாவி ஏறிக்கொண்டான்.

வருடக் கடைசியில் குல்கர்ணி சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். ஜெர்மனியில் வாடிக்கையாளரின் தொழிற்சாலையிலேயே நம் ஆள் ஒருவர் ஒரு வருடம் உட்கார வேண்டும். நம் உறைகளை அங்கே போய் இறங்கியதும் பார்க்க, குறை வந்தால் நேரில் பேச. இரண்டு பேர் பெயர்தான் மேலே போயிருக்கிறது. மார்ச்சில் முடிவு செய்வார்கள்.

என் வீட்டில் பாஸ்போர்ட்டை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நான் அந்த வாரமே விண்ணப்பித்துவிட்டேன். அவனிடம் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு எடுத்தது ஏற்கெனவே இருந்தது.

எந்த உறை எந்த அச்சில் வார்த்தது என்று கையில் எடுத்ததும் நான் சொல்வேன். அவனுக்கு அது தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டான். "இவன்கிட்ட கேளுங்க சர், இவன்தான் ஆக்சுவலி ஜானகார்" என்று, விஷயம் தெரிந்தவன் என்பதற்கான இந்திச் சொல்லைப் போட்டு, எல்லார் முன்னாலும் என்னைக் காட்டுவான். குல்கர்ணி சார் எனக்குத் தட்டிக் கொடுத்துவிட்டு ஒருநாள் தனியாகச் சொன்னார், இந்தியில்: "உனக்குப் பொருள் தெரியும். ஆனால் அந்த அம்மாள் அவன் எழுத்தைத்தான் படிக்கிறார்."

அந்த அம்மாள் என்றது ஜெர்மனியில் எங்கள் சரக்குக்குப் பொறுப்பான பொறியாளர். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். ஒருமுறை ஆகுர்டிக்கு வந்திருந்தார். ஆங்கிலம் அவருக்கும் பள்ளிக்கூடத்துப் பாடம்தான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். புது லைன் 'ஆல்மோஸ்ட் ரெடி' என்று குல்கர்ணி சார் சொன்னபோது, பேனாவைத் திறந்து, "ஆல்மோஸ்ட் என்றால் எத்தனை சதவீதம்?" என்று கேட்டார். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அவர் நகைச்சுவையாகக் கேட்கவில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்தது. சொல்லுக்கு விலை உண்டு என்று நினைக்கிற ஆள். என் ஜாதி. அன்று அவரோடு ஒரு வார்த்தை பேச ஆசைப்பட்டேன். அதற்குள் அவன் போய், மும்பையிலிருந்து வந்த களைப்பு தீர்ந்ததா என்று கேட்டுச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில் ஒரு புகார் வந்தது. எட்டு உறைகளில் கசிவு. நான் ஒரு பகலில் காரணத்தைப் பிடித்துவிட்டேன். ஒரு அச்சில் காற்று வெளியேறும் வழி அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்தாயிற்று. ஆனால் அதே நாட்களில் வார்த்த ஆயிரத்து இருநூறு உறைகள் ஸ்டோரில் கப்பலுக்குக் காத்திருந்தன. ஒவ்வொன்றையும் தண்ணீரில் முக்கி, உள்ளே காற்றடித்து, குமிழி வருகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்கான தொட்டி ஒன்றுதான். மறுநாள் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். ஐந்துக்கு ஒன்று பார், போதும் என்றார் குல்கர்ணி சார். நானும் ஷிண்டேவும் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று இருநூற்று நாற்பது பார்த்தோம். ஒன்றிலும் குமிழி இல்லை. மிச்சத்தையும் பார்த்திருந்தால் இன்னும் நான்கு ஷிஃப்ட் ஆகியிருக்கும்.

ஈரக் கையோடு மேலே வந்தேன். அவன் மெயிலைத் திறந்து வைத்திருந்தான்.

"ஸ்டாக் செக் ஆச்சா மச்சா?"

"ஆச்சு."

அவன் தட்டினான். திரையை என் பக்கம் திருப்பினான். "ஒரு தடவை பாரு. ஓகேன்னா அனுப்பிடறேன்."

எப்போதும் போல ஆழ்ந்த வருத்தம், முழுமையான புரிதல். நான்காவது வரியில் இருந்தது: வி ஹேவ் தரோலி செக்டு த ஸ்டாக். தரோலி. ஒன்று விடாமல், அக்குவேறு ஆணிவேறாக.

அவனுக்கு அது உப்பு. எல்லாவற்றிலும் போடுவான், இதிலும் போட்டான். அவன் அம்மா ப்ராப்பர்லி உட்காரு என்றால் உட்காரு என்றுதான் அர்த்தம், வேறில்லை. ஐந்துக்கு ஒன்று என்று அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை. ஆனால் அந்த வரியை ஜெர்மனியில் படிக்கப் போகிறவருக்கு அது உப்பில்லை என்று எனக்குத் தெரியும். தரோலி என்றால் அவர் ஆயிரத்து இருநூறு என்று படிப்பார். ஏனென்றால் நான் அப்படித்தான் படித்தேன்.

அந்த ஒரு சொல்லை எடுத்துவிடு என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஐந்துக்கு ஒன்று என்று எழுது என்றால் இன்னும் நல்லது. கன்டெய்னர் நிற்கும், குல்கர்ணி சார் கத்துவார், அத்தோடு முடியும். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படிப்பதுபோல நின்றேன். படித்து முடித்துவிட்டிருந்தேன். மார்ச்சுக்கு மூன்று வாரம் இருந்தது. மாட்டிக்கொள்ளட்டும் என்று என் மனசில் வார்த்தையாக ஓடியது என்று சொன்னால் அது பொய். வார்த்தையாக எதுவும் ஓடவில்லை. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சௌகரியமாகக் காலை நீட்டி உட்கார்ந்தது.

"ஓகே" என்றேன்.

"பக்கா?"

"பக்கா."

அனுப்பிவிட்டுச் சோம்பல் முறித்தான். "வா, வடாபாவ் தின்னலாம்" என்றான். அன்றைக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

மார்ச்சில் அவன் பெயர் வந்தது. எதிர்பார்த்ததுதான். குல்கர்ணி சார் அறிவித்தபோது நானும் கை தட்டினேன். அவன் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லாம நான் அங்க என்ன பண்ணப் போறேன் யார்? டெய்லி போன் பண்ணி உன்னைத்தான் கேப்பேன்" என்றான். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். கப்பல் அப்போது கடலில் இருந்தது.

ஏப்ரலில் சரக்கு போய் இறங்கியது. ஜெர்மனியில் பம்ப் பூட்டும் லைனில் முதல் நாளே பதினோரு உறைகள் கசிந்தன. லைனை நிறுத்தினார்கள். அந்த அம்மாளிடமிருந்து மெயில் வந்தது. அதில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. அவனுடைய பிப்ரவரி மெயிலை இணைத்து, ஒரு சொல்லுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தார். கீழே இரண்டு வரி: 'தரோலி என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை உறைகள் என்று எண்ணைத் தரவும்.'

மீட்டிங் அறையில் குல்கர்ணி சார், அவன், நான், ஷிண்டே. குல்கர்ணி சார் அந்தக் காகிதத்தை மேசையில் வைத்து, "யார் எழுதச் சொன்னது இதை? நான் ஐந்துக்கு ஒன்று என்றுதானே சொன்னேன்?" என்று கேட்டார்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஐந்துக்கு ஒன்று என்பதை அவன் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறான். செக் ஆச்சு என்று இவன்தான் சொன்னான், படித்துப் பார்த்து ஓகே என்றதும் இவன்தான் என்று சொல்லப் போகிறான் என்று நான் காத்திருந்தேன். சொன்னால் ஒப்புக்கொள்ளத் தயாராகக்கூட இருந்தேன். ஷிண்டே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சர் எழுதினேன்" என்றான். "இவன் 'ஆச்சு'ன்னுதான் சொன்னான். தரோலி நானா போட்டது. நான் எப்பவும் போடுவேன். யாரும் அதைப் படிப்பாங்கன்னு நினைக்கல."

நான் வாயைத் திறக்கவில்லை. எண் கேட்டிருந்தார்கள் அல்லவா, இருநூற்று நாற்பது என்று அன்றைக்கு நான்தான் எழுதி அனுப்பினேன். துணையெதுவும் இல்லாத வாக்கியம். நன்றி என்று அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் மெயில் அது.

ஜெர்மனிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். மெயில் எழுதும் வேலையையும் எடுத்து, அளவுக்கருவி அறையில் பதிவேடு பார்க்க விட்டார்கள். அங்கே வினைச்சொல்லே கிடையாது, எண்கள்தான். மூன்று மாதம் இருந்தான். ஔந்தில் ஏதோ ஒரு ஆபீசில் வேலை கிடைத்ததும் ராஜினாமாவை எல்லோருக்கும் அனுப்பினான். ஐந்து வரி. உங்களோடு வேலை செய்ததை உண்மையாகவே ரசித்தேன் என்று ஒரு வரி. இங்கே கற்றதை என்றும் நன்றியோடு எடுத்துச் செல்ல விரும்புகிறேன் என்று ஒரு வரி. 'டு ஆல்வேஸ் கிரேட்ஃபுல்லி கேரி' என்று எழுதியிருந்தான். ஒன்றுக்கு இரண்டாகத் துணை. இப்படியும் போடலாம் என்று எனக்குத் தெரியாது. நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். பொறாமைதான், பழையபடி அதே இடத்தில், அதே சூட்டோடு.

கல்யாண ஹாலில் அந்த வேலூர்ப் பெண்ணிடம் என்னை அறிமுகப்படுத்தினான். "இவன்தான், நான் சொன்னேனே, தமிழ் ஜானகார்" என்றான். அவள், "'நல்லா சிரிக்கிற'ன்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானா அண்ணா?" என்று கேட்டுவிட்டுக் களுக்கென்று சிரித்தாள். நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

அவனுக்குப் பதிலாக என் பெயரை அனுப்பினார் குல்கர்ணி சார். பாஸ்போர்ட் தயாராக இருந்தது. இனி உங்கள் ஆள் வேண்டாம், சரக்கை இங்கேயே ஒரு நிறுவனத்தை வைத்துச் சோதித்துக்கொள்கிறோம், செலவை உங்கள் கணக்கில் பிடித்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அந்தப் பில்கள் சரிபார்க்க என் மேசைக்கு வந்தன. உறைகளை ஒவ்வொன்றாகச் சோதித்த கூலி ஆறு லட்சத்து நாற்பதாயிரம். மாற்று உறைகளை விமானத்தில் அனுப்பியது எட்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். லைன் நின்ற நேரத்துக்கு நான்கு லட்சத்துப் பத்தாயிரம். மூன்றிலும் பிழையில்லை. கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது லட்சத்து இருபத்தைந்தாயிரம் ரூபாய்.